ஒரு விரல் தொய்வு

மோட்டார் சைக்கிளைக் கிணற்று மோட்டார் கொட்டகைச் சுவரோரமாக நிறுத்தி, என் அக்காவைப் பின்சீட்டில் ஏற்றி உட்கார வைத்து, அவள் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்ட பிறகு, மாமா தரையில் குத்துக்காலிட்டுச் செயினுக்கு அடியில் விரலை நுழைப்பார். அவரை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். அக்காவின் கணவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். விரலால் செயினை மேலே தூக்குவார், விடுவார். பிறகு அக்காவோடு சேர்த்து வண்டியை ஒரு சாண் முன்னால் தள்ளி, மறுபடி தூக்கிப் பார்ப்பார். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது, ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தொங்கும் என்பதால் இந்தத் தள்ளல். அக்காவுக்கு அதற்குள் பொறுமை போய்விடும். "ஏங்க, என்னை என்ன தேர்லயா ஏத்தி வச்சிருக்கீங்க, எறங்கட்டா" என்பாள். மாமா தலையைத் தூக்காமலே, "அசையாம இரு புள்ள. நீ அசஞ்சா செயினு பொய் சொல்லும்" என்பார்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருசக்கர வண்டிகளுக்கான ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் சேர்ந்தது, இன்றுவரை அங்கேதான். வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும், "கடையில ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா" என்று கேட்பார்கள். "சாமான் வண்டிக்குத்தானே, ஆம்பளைக்கு இல்லையே" என்று நான் சொன்னதும் பேசாமல் மாடல் பெயரைச் சொல்லிவிடுவார்கள். செயின் விஷயம் அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ரொம்ப இறுக்கமாக இருந்தால் ஊளையிடும், பல்சக்கரத்தைத் தின்னும். ரொம்பத் தொங்கினால் கவரில் தடதடவென்று அடிக்கும், ஒருநாள் கழன்று விழுந்து சக்கரத்தையே பூட்டிவிடும். நடுவில் கொஞ்சம் தொய்வு வேண்டும். கடையில் நாங்கள் அதை லூசு என்போம். ஊரில் எல்லோரும் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, மேலே ஆள் இல்லாமல்தான் அந்த லூசைப் பார்ப்பார்கள். ஆனால் பின்னால் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் வண்டி அமுங்கும், அமுங்கினால் செயின் இறுகும். அதனால் ஆள் ஏறிய பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் சரி என்பது மாமாவின் கட்சி. அக்கா உட்கார்ந்திருக்கும்போது செயின் ஒரு விரல் அகலத்துக்கு எழும்ப வேண்டும். அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது.

இதைப் படித்துவிட்டு மாமாவை வண்டிப் பைத்தியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்காவுக்கு உடம்பு கெடுவதற்கு முன் அவர் வண்டியை வைத்திருந்த லட்சணம் எனக்குத் தெரியும். கல்லங்குறிச்சியைத் தாண்டி உள்ளே போனால் அவர்கள் காடு. மக்காச்சோளமும் பருத்தியும் போடுவார்கள். உர மூட்டை, சோள மூட்டை, மருந்தடிக்கிற மெஷின், ஒருமுறை கால் கட்டிய ஒரு கிடா என்று எல்லாம் அந்த வண்டியில் ஏறியிருக்கின்றன. செயின் துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் இருக்கும். சத்தம் ரொம்பக் கேட்டால் டிராக்டரிலிருந்து வடித்த கருப்பு ஆயிலை ஒரு கொட்டாங்கச்சியில் கொண்டு வந்து ஊற்றுவார். "என்ன மாமா, வண்டில வரீங்களா, மாவு மில்ல கட்டி இழுத்துட்டு வரீங்களா" என்று நான் கேட்பேன். கொழுந்தியாள் என்ற உரிமையில் இதைவிட மோசமாகவும் கேட்டிருக்கிறேன். "ஓடுதுல்ல பாப்பா. ஓடறத எதுக்குப் போட்டு நோண்டணும்" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவர் அப்படித்தான், எதையும் ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டுவிடுகிற மனிதர்.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன என்று தெரிந்தபோது அவளுக்கு நாற்பதைத் தாண்டிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. வாரத்தில் இரண்டு நாள் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உடம்பில் ஏற்ற வேண்டும். டயாலிசிஸ் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. அக்கா அதை "மிஷினு" என்றாள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகினோம். பெரம்பலூரில் இடம் கிடைத்தது. ஒரே மகன் சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருந்தான். கார் வைத்துக்கொள்ளச் சொல்லி அவன் போனில் கெஞ்சினான், ஒருமுறை வைத்தும் பார்த்தார்கள். கண்ணாடியை ஏற்றியதுமே அக்காவுக்குக் குமட்டியது, வழியெல்லாம் வாந்தி. பஸ்ஸில் கூட்டம். ஊசி குத்துவதற்காக அவளுடைய இடது கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையில் யாருடைய முழங்கையும் இடித்துவிடக் கூடாது. கடைசியில் காற்றோட்டமாக வரலாம் என்று அவளே கேட்டு வண்டியில் வந்தாள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடுகிற சாலை அது. வெயிலில் சாம்பல் பறக்கும், ஒரு மழை பெய்தால் அதுவே கூழாகி வண்டியின் அடியெல்லாம் அப்பிக்கொள்ளும்.

முதல் மாதத்திலேயே, பேரளி தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது செயின் கழன்றது. நல்லவேளை, மெதுவாகத்தான் போயிருக்கிறார்கள். அக்காவுக்கு அன்று நீர் கோத்துப்போய் நெஞ்சு வரை மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. மிஷினுக்கு ஒரு முறை தவறினாலும் அப்படித்தான், மூழ்குகிறவள் மாதிரி மூச்சு வாங்குவாள். வேலிக்கருவை நிழலில் அவளை உட்கார வைத்துவிட்டு மாமா செயினை மாட்டப் பார்த்திருக்கிறார். மூச்சு வாங்குகிறவளையே திரும்பித் திரும்பிப் பார்த்ததில் முடியவில்லை. தக்காளி ஏற்றிப் போன ஒரு மினி லாரிக்காரர் நிறுத்தி, அக்காவைத் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டார். மாமா பின்னால் வேறு யாருடனோ வந்து சேர்ந்தார். அன்று மதியம் கடைக்கு வந்து நின்றபோது அவர் சட்டையெல்லாம் கருப்புக் கறை. நான் வழக்கம்போல ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். "இருக்கறதுலயே நல்ல செட்டா ஒண்ணு எடு பாப்பா" என்றார். செயின், முன்பல், பின்பல் மூன்றும் சேர்ந்ததைத்தான் செட் என்போம். அவ்வளவு நாள் யாருக்கும் அசையாத மனிதர், அன்றைக்குத்தான் மாறினார்.

அதற்கப்புறம் அவர் செய்ததையெல்லாம் பார்த்து ஊரே சிரித்தது. அக்காவை மிஷினில் ஏற்றிவிட்டு, அவள் வெளியே வரும்வரை எங்கள் கடை வாசலில்தான் இருப்பார். பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து, செயினின் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்துச் சுண்ணாம்புச் சகதியை எடுப்பார். துணியால் துடைத்துக் காய வைப்பார். கருப்பு ஆயிலை அடியோடு விட்டுவிட்டார். அது தூசியை இழுத்துப் பிடித்து உப்புத்தாள் மாதிரி அரைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கியருக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலை வாங்கிப் போய், ஊருக்குத் திரும்பிச் செயின் சூடாக இருக்கும்போதே சொட்டுச் சொட்டாக விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுவார். காலையில் மேலே இருக்கும் மிச்சத்தைத் துடைத்துவிடுவார். ஆயில் தெறித்து அக்காவின் சேலையில் புள்ளி விழக் கூடாது என்பது ஒரு காரணம். பிறகு அதற்கும் வேறு வழி வந்தது. சேலையில் ஒருக்களித்து உட்கார்ந்து வருவது ஆபத்து என்று நான்தான் சண்டை போட்டு அக்காவுக்கு ஒரு சுடிதார் எடுத்துக் கொடுத்தேன். பிறந்ததிலிருந்து சுடிதார் போடாதவள். முதல் நாள் வீட்டை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்றாளாம். மாமா, "ஏ புள்ள, காலேஜுக்கு லேட்டாவுது, சீக்கிரம் வா" என்று வாசலில் நின்று ஹாரன் அடித்திருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே வந்து இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிரேக்கில் அவர் காட்டிய பத்தியம் இன்னும் மோசம். மிஷினிலிருந்து வரும்போது அக்காவுக்குத் தலை சுற்றும், இடது கையால் எதையும் இறுகப் பிடிக்கவும் கூடாது. அதனால் ஒரு துண்டால் அவளைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். அப்படிக் கட்டிய பிறகு வண்டி வெடுக்கென்று நின்றால் அவள் நெற்றி அவர் முதுகில் போய் மோதும். புது பிரேக் ஷூ போட்ட புதிதில் கவ்வத்தான் செய்யும், நாலு நாள் ஓடினால் சரியாகிவிடும் என்று நாங்கள் எல்லோருக்கும் சொல்லுகிறதையே அவருக்கும் சொன்னேன். "அந்த நாலு நாளு அவ எதுக்கு இடிபடணும்" என்று கேட்டார். ஷூ மாற்றினால் ஒரு சோள மூட்டையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு, கல்லங்குறிச்சிக் கோயில் வரைக்கும் போவதும் வருவதுமாக, நின்று நின்று கிளம்பி, பிரேக்கைப் பழக்கிவிட்டுத்தான் அக்காவை ஏற்றுவார். கோயிலுக்கு வந்தவர்கள், "என்னப்பா, பொண்டாட்டிக்குப் பதிலா மூட்டையச் சுத்திக் காட்டறியா" என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமா, இதுன்னா வாய் பேசாது" என்றாராம். கடையில் யாராவது பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று கத்துகிறது என்று வந்தால், டிரம்மைத் திறந்து தூசியை ஊதிவிட்டு ஷூவை லேசாகத் தேய்த்துக் கொடுக்கிற அளவுக்கு மாமா தேறிவிட்டார். எங்கள் முதலாளி அவருக்கு ஒரு ஸ்டூலையே ஒதுக்கிவிட்டார்.

இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. அவளுக்கு உடம்பு சரியில்லை என்பதை மறந்துவிட்டால் அது நல்ல காலம் என்றுகூடச் சொல்லிவிடுவேன். அக்கா அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை, மாமா அவ்வளவு கேட்டும் பார்த்ததில்லை. மிஷினுக்குப் போகிறவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். குடித்தது வெளியே போகாமல் உடம்பில் தங்கிவிடும். அக்காவுக்கு மோர் என்றால் உயிர், திருட்டுத்தனமாகக் குடித்துவிடுவாள். அன்றைக்கு மட்டும் வண்டி ஒரு மேட்டில் ஏறும்போதே மாமா கண்டுபிடித்துவிடுவார். "என்ன, இன்னிக்கு வண்டி அமுங்குது. எத்தன சொம்பு மோரு" என்பார். "ஒரு வாயிதாங்க" என்பாள். "ஒரு வாயிக்கா பின்னாடி ஷாக் அப்சார்பரு இந்தக் கத்து கத்துது" என்பார். போகும்போது கனமாகப் போய், நீர் எடுத்த பிறகு திரும்பும்போது இலேசாக வருவாள். அதனால்தான் செயினைப் பார்ப்பதை எப்போதும் மிஷினுக்குப் போய் வந்த மறுநாள் காலைக்கு வைத்துக்கொண்டார். அன்றைக்கு இருக்கிற எடைதான் அவளுடைய சொந்த எடை, மிச்சமெல்லாம் தண்ணீர் என்பார்.

மூன்றாவது வருடம் சித்திரையில் மாமா கடையில் சண்டைக்கு வந்தார். நான் எடுத்துக் கொடுத்த செயின் போலி என்றார். போட்டு ரெண்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, அதற்குள் நீண்டுவிட்டது, வாராவாரம் பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்க வேண்டியிருக்கிறது, மறுவாரம் பார்த்தால் விரலுக்கு மேல் தொங்குகிறது என்றார். எனக்குச் சுருக்கென்றது. மட்டமான சாமானை யாருக்குமே கொடுக்காதவள், என் அக்கா உட்கார்ந்து வருகிற வண்டிக்கா கொடுப்பேன். "சுண்ணாம்புல ஓடுனாலும் மாமா, நீங்க பூசற பூச்சுக்கு நீளவே நீளாது. கழட்டுங்க, பாத்துடலாம்" என்று நானும் குரலை உயர்த்தினேன். அக்கா அந்த நேரம் ஆஸ்பத்திரியில் மிஷினில் இருந்தாள். மாமா வாசலிலேயே உட்கார்ந்து, செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற லாக்கைக் கழற்றி அதை உருவிக் கொண்டுவந்தார். நான் புதுப் பெட்டியைப் பிரித்து அதே நம்பர் செயின் ஒன்றை எடுத்து, சுவரில் இருக்கிற ஆணியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டேன். தேய்ந்த செயின் என்றால் இப்படித் தொங்கவிட்டதும் ஒரு கண்ணி அளவுக்காவது கீழே இறங்கி நிற்கும். கடைக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் இப்படித்தான் காட்டுவோம். அன்றைக்கு இரண்டும் கீழே ஒரே மட்டத்தில் நின்றன.

"பாருங்க, யாரு போலி" என்று வெற்றியோடு திரும்பினேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. முதலாளி எழுந்து வந்து, பல்சக்கரத்தையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "பல்லும் புதுசாத்தான் இருக்கு. தேய்மானமே இல்லீங்களே" என்றார். மாமா அந்தச் செயினின் நுனியை விரலில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப எது கொறஞ்சிது" என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. செயின் நீளவில்லை என்றால், மேலே உட்காருகிறவள் குறைந்திருக்கிறாள். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் குறைந்து, வண்டி அவளுக்காக அமுங்குவது குறைந்து, அதற்கேற்ப அந்தச் செயின் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. முகம் எப்போதும் உப்பியே இருந்ததாலும், அந்தத் தொளதொள சுடிதாராலும், எங்கள் யார் கண்ணுக்கும் அது படவில்லை. வண்டிக்குத் தெரிந்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. மாமா பழைய செயினையே எடுத்துக்கொண்டு போய் மாட்ட உட்கார்ந்தார். லாக்கின் மூடிய பக்கம் வண்டி ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டத்தில் எகிறிவிடும். அது தெரியாதவர் இல்லை அவர். அன்று திருப்பிப் போட்டுவிட்டு எழுந்தார். நான்தான் பார்த்துச் சொன்னேன். மறுபடி உட்கார்ந்து சரியாகப் போட்டார். முடித்த பிறகு, "அவகிட்ட நீ ஒண்ணும் கேட்டுக்காத பாப்பா" என்றார். "அங்க எட பாத்துத்தான மிஷின்ல ஏத்துறாங்க. எவ்ளோன்னு நான் கேட்டா, அதேதான்னுட்டு இருக்கா. மறைக்கிறான்னா எனக்காகத்தான் மறைக்கிறா. செயினுதான் மோசம்னு இருந்துட்டுப் போவட்டும்."

நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவள் இல்லை. மறுமுறை அவர்கள் வந்தபோது கடையில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமாவுக்குத் தெரியும் என்பதை மட்டும் விழுங்கிக்கொண்டு, எடை என்ன என்று கேட்டேன். அக்கா சொன்னாள். அவள் கல்யாணத்தின்போது இருந்ததைவிடவும் குறைவு. எனக்கு அழுகை வந்துவிட்டது. "கத்தாதடி, நர்சம்மா பாக்கறாங்க" என்றாள். பிறகு மெதுவாக, "வெளிய வந்ததும் அந்த மனுசன் என் மொகத்ததான் பாக்கறாரு. அதே எடதான்னு சொன்னா அன்னிக்கு ரெண்டு தோச சேத்துச் சாப்புடறாரு. கொறஞ்சிடுச்சின்னா தட்ட அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிடுவாரு. நான் என்னான்னுடி சொல்லட்டும்" என்றாள். அவள் மறைக்கிறாள், அவர் தெரிந்துகொண்டு தெரியாத மாதிரி இருக்கிறார், இரண்டு பேருடைய ரகசியமும் என் மடியில். யாரிடம் போய்ச் சொல்ல.

அவர் சும்மாவும் இருந்துவிடவில்லை. அக்காவை உட்கார வைத்துவிட்டு டாக்டரைத் தனியாகப் பார்த்துப் பேசினார். திருச்சியிலும் ஒருவரிடம் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு, மீன் என்று சாப்பாட்டை மாற்றினார். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தள்ளினால் கோபப்படாமல் மறுபடி கொண்டுவந்து வைப்பார். ஆனால் வாராவாரம் அந்தச் சுவரோரத்தில் மட்டும் ஒரு நாடகம் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். அக்கா ஏறி உட்கார்ந்தாள். மாமா விரலை விட்டுத் தூக்கினார். செயின் ஒரு விரலைத் தாண்டி எழும்பியது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. "பாழாப்போன செயினு, மறுபடி நீண்டுடுச்சு" என்று சத்தமாகத் திட்டினார். "உன் தங்கச்சி குடுத்த சாமான் லட்சணத்தப் பாரு." அக்கா மேலேயிருந்து, "அவ அப்படித்தாங்க. சொந்தக்காரங்கன்னா பழசத் தள்ளி வுட்டுருவா" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "ஆமா, உங்க ரெண்டு பேருக்கும்னே தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்று நானும் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தோம். மாமா ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்தி, அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் அளவுக் கோடுகளில் அரைக் கோடு சக்கரத்தைப் பின்னால் தள்ளி, மறுபடி ஒரு விரலுக்குக் கொண்டுவந்தார். பிறகு அக்காவின் இடுப்பில் கை கொடுத்து இறக்கிவிட்டார். இறக்கும்போது அவர் கை அவளை எடை பார்த்ததோ என்னவோ, ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

புரட்டாசியில் அவளால் கால் தூக்கி வண்டியில் ஏற முடியாமல் போனது. கடைசியாக அவள் பெரம்பலூருக்கு வந்தது ஆம்புலன்சில். அதில் ஏறும்போது அக்காவுக்குக் குமட்டவில்லை. அதைச் சொல்லித்தான் மாமா ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் அழுதார். "கண்ணாடி ஏத்தித்தான் இருந்துச்சு பாப்பா, ஒரு வாட்டிகூட ஒமட்டல" என்றார். வாந்தி எடுக்கக்கூட அவளிடம் தெம்பு இல்லை என்பது அவருக்கு அதில்தான் உறைத்திருக்கிறது. இரண்டு நாளில் போய்விட்டாள். மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து கொள்ளி வைத்தான், காரியம் முடிந்து திரும்பிப் போனான். போகும்போது அப்பாவையும் கூப்பிட்டான். மாமா காட்டை விட்டு வரவில்லை. வண்டி அந்தச் சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது. யாரும் தொடவில்லை.

என் அக்கா இல்லாமல் மாமா எனக்கு யார் என்ற கேள்வி எனக்கே வந்தது. கொழுந்தியாள் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் நடுவில் அக்கா வேண்டும். போனில் பேசினால், "சாப்டீங்களா மாமா", "சாப்டேன் பாப்பா" என்பதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வராது. மிஷின் நாட்களில் அந்த நேரத்துக்கு நான் பாட்டுக்குக் கடை வாசலைப் பார்ப்பேன். முதலாளி அந்த ஸ்டூலை எடுத்து உள்ளே போட்டுவிட்டார். அவரும் என்ன செய்வார், வியாபாரம் நடக்கிற இடம்.

தை கடைசியில் ஒருநாள் மதியம், தடதடவென்று ஒரு வண்டி வந்து நின்றது. பழைய மாமாவின் வண்டி மாதிரியே சத்தம். எட்டிப் பார்த்தால் அவர்தான். பருத்திக்கு மருந்து வாங்க வந்தாராம். இளைத்திருந்தார், தாடி விட்டிருந்தார். செயின் முழுக்கத் துரு. "இப்படியா வச்சிருப்பீங்க" என்று கேட்டுவிட்டேன். வேறென்ன பேசுவது என்று தெரியாமல்தான் அதைக் கேட்டேன். அவர் மண்ணெண்ணெய் கேட்டார். கொடுத்தேன். பிரஷ்ஷை எடுத்து வாசலில் உட்கார்ந்து செயினைக் கழற்றினார். கண்ணி கண்ணியாகத் தேய்த்தார், துடைத்தார், ஆயில் விட்டார், திரும்ப மாட்டினார். லாக்கைச் சரியான பக்கத்தில் போட்டார். வெயில் அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, கடைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டுபோய்ச் சாய்த்து, குத்துக்காலிட்டு, செயினுக்கு அடியில் விரலை விட்டார். தூக்கவில்லை. தலையை நிமிர்த்திப் பின்சீட்டைப் பார்த்தார். அவ்வளவு வருடத்தில் மேலே அக்கா இல்லாமல் அவர் அந்தச் செயினைச் சரிபார்த்ததே இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒத்த ஆளுக்கு எவ்ளோ லூசு வுடணும் பாப்பா" என்று கேட்டார்.

கடைக்கு வருகிற எத்தனையோ பேர் தினமும் கேட்கிற கேள்விதான். கல்லாவில் நின்றபடி, ஆளைக்கூடப் பார்க்காமல் பதில் சொல்லுவேன். அன்றைக்கும் கடையில் எல்லோருக்கும் சொல்கிற அதே குரலில் சொல்லப் பார்த்தேன்.

"ரெண்டு விரலு மாமா."

"ரெண்டா" என்றார். உள்ளே இருந்த விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரலையும் நுழைத்தார். கடைக்குள் யாரோ பிரேக் ஷூ கேட்டு நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் மாமாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.